சாங்கியில ஒன்பது மணி நேரம் கிடைச்சா என்ன பண்ணலாம்? வாசகர் கேள்வி பதில்

பிள்ளைங்களப் பார்க்க ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போறவங்க நடுவுல சிங்கப்பூர்ல மணிக்கணக்கா காத்திருக்க வேண்டி வருது, அதப்பத்தி கேளுங்கன்னு போன இதழ்ல ஒரு வரி போட்டிருந்தோம், அதுக்கே இவ்வளவு கேள்வியான்னு மலைச்சுப் போயிட்டேன். என் மக பெர்த்துல இருக்கா, அவளப் பார்க்கப் போக வரன்னு சாங்கியில, அதான் சிங்கப்பூர் ஏர்போர்ட்ல, பல தடவ இறங்கி ஏறியிருக்கேன், அந்த அனுபவத்துலயும் விசாரிச்சுத் தெரிஞ்சதுலயும் இருந்து சொல்றேன்.

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் திருச்சியிலிருந்து மெல்போர்ன் போறோம். காலையில 6 மணிக்கு சிங்கப்பூர்ல இறங்குறோம், அடுத்த ஃபிளைட் மதியம் 3 மணிக்கு. வெளிய போய் ஊரப் பார்க்கலாமா, இல்ல பயமில்லாம உள்ளயே உட்கார்ந்துடலாமா? எங்களுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும்.
வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: கண்டிப்பா வெளிய போங்கம்மா. இங்கிலீஷ் வராதேன்னு தயங்கவே வேண்டாம், தமிழ் அந்த நாட்டோட நாலு ஆட்சிமொழியில ஒண்ணு, எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் பேரெல்லாம் தமிழ்லயும் எழுதியிருக்கும், அத மொத தடவ பார்க்கும்போது மனசு ஒரு மாதிரி நெறஞ்சு போகும், அனுபவிச்சுப் பாருங்க.

ஆனா கெளம்புறதுக்கு முன்னாடி மணிக்கணக்கு ஒண்ணு போட்டுடணும். ஒன்பது மணி நேரம்னு டிக்கெட்ல இருந்தாலும் உங்க கையில நிக்கிறது அவ்வளவு இல்ல. 6 மணிக்கு இறங்கி, இமிகிரேஷன் முடிச்சு, முகம் கழுவி வெளிய வர 7 ஆயிடும். 3 மணி ஃபிளைட்டுக்கு 12.30க்கெல்லாம் ஏர்போர்ட்டுக்குள்ள வந்துடணும். நடுவுல அஞ்சரை மணி நேரம், அதுல போக வர ரெண்டு மணி நேரத்தக் கழிச்சா மூணரை மணி நேரம். இந்த மூணரை மணி நேரத்துக்குள்ள மெர்லயன், சென்டோசா, ஆர்ச்சர்ட் ரோடுன்னு எல்லாத்தையும் போட்டுத் திணிக்காதீங்க, ஒரு எடத்தையும் உருப்படியா பார்த்திருக்க மாட்டீங்க, கால் வலிதான் மிஞ்சும். ஒரே ஒரு பேட்டைய எடுத்துக்கோங்க, நான் சொல்றது நம்மாளுங்க கடையும் கோயிலும் நெறஞ்ச லிட்டில் இந்தியா.

முதல்ல விசா விஷயம். இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்களுக்கு சிங்கப்பூர் விசா வேணும், ஆனா ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா, இந்த எட்டுல ஒரு நாட்டு விசா கையில இருந்து, அது இன்னும் ஒரு மாசமாவது செல்லுபடியாகி, 96 மணி நேரத்துக்குள்ள அடுத்த நாட்டுக்குப் போற உறுதியான டிக்கெட்டும் இருந்தா, விசா இல்லாமலே ஊருக்குள்ள விடுவாங்க. உங்ககிட்ட ஆஸ்திரேலியா விசா இருக்குமே, அது போதும். இப்பல்லாம் அந்த விசா பாஸ்போர்ட்ல ஸ்டிக்கரா வர்றதில்ல, மெயில்லதான் லெட்டர் வரும், அத பிரிண்ட் எடுத்துக் கையில வச்சுக்கோங்க, போன்ல இருக்குன்னு விட்டுடாதீங்க, சார்ஜ் போன நேரத்துலதான் கேப்பாங்க. விடலாமா வேண்டாமான்னு கடைசி முடிவு இமிகிரேஷன் அதிகாரியோடது, அதையும் மனசுல வச்சுக்கோங்க. இன்னொண்ணு, எஸ்ஜி அரைவல் கார்டுன்னு ஒரு ஃபாரம், இறங்குற நாளுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போடணும், அரசாங்க சைட்ல இது முழுக்க இலவசம், காசு கேட்டா அது வேற யாரோ நடத்துற சைட்டுன்னு அர்த்தம், உடனே மூடிடுங்க.

கடிகாரத்த இந்திய நேரத்துலேயே விட்டுடாதீங்க, அங்க நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி.

ரயில்னா ஏர்போர்ட் ஸ்டேஷன் டெர்மினல் 2க்கும் 3க்கும் நடுவுல கீழ இருக்கு. தானா மேரா வரைக்கும் போய், அங்க பச்சை லைன் மாறி பூகிஸ், பூகிஸ்ல நீல லைன் மாறினா ரெண்டாவது ஸ்டேஷன் லிட்டில் இந்தியா. ரெண்டு எடத்துல மாறணும், முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆளுக்கு ரெண்டு சிங்கப்பூர் டாலர் சொச்சம்தான். டிக்கெட் வாங்க நிக்க வேண்டியதில்ல, வெளிநாட்டுல செல்லுற விசா கார்டோ மாஸ்டர் கார்டோ இருந்தா கேட்லயே தட்டிட்டுப் போகலாம், ஆளுக்கு ஒரு கார்டு வேணும்கிறது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். டாக்ஸியில அரை மணி நேரம், வண்டிக்கு 30 டாலர் பக்கம் வரும். போகும்போது ரயில், திரும்பும்போது டாக்ஸின்னு வச்சுக்கோங்க, ராத்திரி தூங்காத ஒடம்பு 11 மணிக்கு மேல கெஞ்ச ஆரம்பிச்சுடும்.

ஸ்டேஷன் விட்டு வெளிய வந்தா பக்கத்துலயே தேக்கா மார்க்கெட். காலையில அங்க ஒரு சுத்து சுத்துங்க, முருங்கைக்காய், வாழைப்பூ, கருவேப்பிலை, மீன் கடை, பக்கத்துலயே சீனக்காரர் கடை, மலாய்க்காரர் கடை, எல்லாரும் எல்லா பாஷையும் கலந்து பேரம் பேசிட்டிருப்பாங்க. அப்படியே சிராங்கூன் ரோட்டுல நடந்தா கோமள விலாஸ், 1947லருந்து இருக்கு, சுத்த சைவம், தோசையும் காபியும் சாப்பிட்டுட்டு வீரமாகாளியம்மன் கோயிலுக்கு நடந்தே போயிடலாம். ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான்காரங்க குண்டு போட்டப்போ ஜனங்க இந்தக் கோயிலுக்குள்ளதான் வந்து ஒதுங்கியிருந்தாங்க. அதத் தெரிஞ்சுகிட்டு சன்னிதியில நின்னா கும்பிடுறதே வேற மாதிரி இருக்கும். இன்னும் கொஞ்ச தூரம் நடக்கத் தெம்பிருந்தா சீனிவாசப் பெருமாள் கோயில், தைப்பூசத்தன்னிக்கு காவடி கெளம்புற எடம் அதுதான், அங்கருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் போவாங்க. ஸ்ரீரங்கத்துக்காரங்க நீங்க, பெருமாளப் பார்க்காம வர மாட்டீங்கன்னு தெரியும். ஆனா மத்தியானம் கோயில் நடை சாத்திடுவாங்க, அதனால கடையெல்லாம் அப்புறம், கோயில் முன்னாடி.

11.15 ஆச்சுன்னா எந்தக் கடையில நின்னாலும் டாக்ஸியப் பிடிச்சுடுங்க. இத ஏன் அடிச்சுச் சொல்றேன்னா ஒரு தடவ நானும் என் தங்கச்சியும் சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்ஸி எளிசா கிடைக்கும்னு நெனச்சு நின்னோம், திடீர்னு மழை கொட்டுச்சு, அந்த ஊரு மழை நம்ம ஐப்பசி மழை மாதிரி நின்னு பேயும், முக்கால் மணி நேரம் ஒரு வண்டி நிக்கல. ஃபிளைட்ட பிடிச்சுட்டோம்னாலும் அந்த ஓட்டம் ஓடினதுல தங்கச்சிக்கு ரெண்டு நாள் மூச்சு சரியா வரல. சாங்கியில டெர்மினல் 1, 2, 3ல பாதுகாப்பு சோதனை நீங்க ஏறுற கேட் வாசல்லதான் நடக்கும், அதனால உள்ள வந்துட்டோம்னு கடையில நிக்காம கேட்டுக்கு முன்கூட்டியே போயிடணும்.

கேள்வி: சென்னையிலிருந்து பாலி போறோம் நாலு பேர். சிங்கப்பூர்ல 8 மணி நேரம். அமெரிக்கா, ஆஸ்திரேலியா விசா எதுவும் எங்ககிட்ட இல்ல. ஜுவல் அருவியயாவது பார்க்க முடியுமா?
வாசகர், மதுரை

பதில்: ஜுவல்ங்கிறது ஏர்போர்ட்டோட ஒட்டி இருக்கிற பெரிய கடைக் கட்டடம், அது இமிகிரேஷனுக்கு வெளிய இருக்குங்க, இது பல பேருக்குத் தெரியாம ஏமாந்து போறாங்க. 2019ல தொறந்தது, 40 மீட்டர் உயரத்துலருந்து தண்ணி கொட்டும், கட்டடத்துக்குள்ள இருக்கிற அருவியில உலகத்துலயே இதுதான் உயரம், ஆனா அத கிட்டப் போய்ப் பார்க்க ஊருக்குள்ள நுழையற அனுமதி வேணும். ஒரு வழி இருக்கு. டெர்மினல் 2க்கும் 3க்கும் நடுவுல ஓடுற ஸ்கைட்ரெயின்கிற குட்டி ரயில் ஜுவலுக்கு உள்ள புகுந்துதான் போகும், இமிகிரேஷன் தாண்டாத டிரான்சிட் பயணிகளும் அதுல ஏறலாம், இலவசம், ஜன்னல் பக்கம் நின்னுகிட்டீங்கன்னா அருவி கண்ணு முன்னாடி வந்து போகும். ரெண்டு மூணு தடவ போயிட்டு வாங்க, யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா அதிகாலையில அருவி ஓடாது, காலை பத்து, பதினொண்ணுக்கு மேலதான்.

ஊரயும் பார்த்தே ஆகணும்னா முன்கூட்டியே அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியா சிங்கப்பூர் விசா எடுத்துடுங்க, ஆனா நாலு பேருக்கும் எட்டு மணி நேரத்துக்காக அந்த செலவு பண்ணணுமான்னு வீட்ல உட்கார்ந்து பேசி முடிவெடுங்க. என்னக் கேட்டா வேண்டாம், உள்ளயே நேரம் போறது தெரியாது. டெர்மினல் 3ல பட்டாம்பூச்சித் தோட்டம் இருக்கு, நெஜப் பட்டாம்பூச்சிங்க தோள்ல வந்து உட்காரும், பகல்லதான் அதுங்க சுறுசுறுப்பா பறக்கும். டெர்மினல் 1 மாடியில கள்ளித்தோட்டம், டெர்மினல் 2ல சூரியகாந்தி. டெர்மினல் 3ல இலவசமா சினிமா ஓடுது. கால் அமுக்கி விடுற மெஷின்கூட இலவசம். தண்ணிக்கு காசு குடுக்காதீங்க, குழாய்ல வர்றது குடிக்கிற தண்ணிதான், காலி பாட்டில் ஒண்ணு கொண்டு போங்க, ஆனா கேட்ல சோதனைக்கு முன்னாடி அத காலி பண்ணிடணும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு, முதல் தடவ தனியா என்னப் பார்க்க ஆக்லாந்து வர்றாங்க. சிங்கப்பூர்ல ராத்திரி நேரம் 11 மணி நேரம் காத்திருக்கணும். எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது. என்ன ஏற்பாடு பண்ணணும்?
வாசகர், கோயம்புத்தூர் (இப்போ ஆக்லாந்து)

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு கேக்குறேன், டிக்கெட் எடுத்தாச்சா? இன்னும் எடுக்கலன்னா கொஞ்சம் காசு கூடினாலும் மூணு நாலு மணி நேரத்துல அடுத்த ஃபிளைட் கிடைக்கிற மாதிரி பாருங்க. எடுத்தாச்சுன்னா கவலைப்படாதீங்க, தனியா போற பெரியவங்களுக்கு நான் பார்த்தவரைக்கும் சாங்கி நல்ல எடம், தரை சுத்தம், கழிவறை சுத்தம், ராத்திரி பூரா வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும்.

ஏர்லைன்ஸ்கிட்ட இப்பவே வீல்சேர் உதவி கேட்டுப் பதிவு பண்ணிடுங்க. நடக்க முடிஞ்சாலும் கேளுங்க, அது கால்வலிக்காக மட்டும் இல்ல, சரியான கேட்டுக்குக் கொண்டு போய் சேர்க்க ஒரு ஆள் கூட வர்றாங்கல்ல, அதுக்காக. ஆனா ஒரு விஷயத்த அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லி வையுங்க, வீல்சேர்ல வர்றவங்கள நடுவுல ஒரு எடத்துல உட்கார வச்சுட்டு ஃபிளைட் நேரத்துக்குத்தான் திரும்ப வந்து கூட்டிட்டுப் போவாங்க, ஆள் போயிட்டாங்களேன்னு அவங்க பதறக் கூடாது. உட்கார வைக்கும்போதே பாத்ரூம் எங்க இருக்குன்னு கேட்டு வச்சுக்கச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா நாம எழுந்து போன நேரத்துல ஆள் வந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்து ஆறு மணி நேரம் தண்ணியே குடிக்காம உட்கார்ந்திருந்தாங்க, போய் இறங்கின ஊர்ல காய்ச்சல். அந்தக் கஷ்டம் யாருக்கும் வர வேண்டாம்னுதான் இவ்வளவு வெளக்கமா எழுதுறேன்.

11 மணி நேரத்துக்கு டிரான்சிட் ஹோட்டல் போட்டுக் குடுத்துடுங்க. இமிகிரேஷன் தாண்டாம உள்ளயே இருக்கு, முழு நாளைக்கு இல்லாம மணிக்கணக்குல ரூம் குடுப்பாங்க, சீக்கிரம் நெறஞ்சுடும்கிறதால முன்னாடியே புக் பண்ணுங்க. எந்த டெர்மினல்ல இறங்குறாங்க, எதுல ஏறுறாங்கன்னு பாருங்க, 1, 2, 3க்கு நடுவுல ஸ்கைட்ரெயின்ல போயிடலாம், டெர்மினல் 4 மட்டும் தனியா இருக்கு, பஸ்லதான் போகணும். ஹோட்டல் வேண்டாம்னா டெர்மினல்ல சாய்ஞ்சு படுக்கிற மாதிரி நாற்காலி போட்ட எடம் இருக்கு, இலவசம், ஆனா ஏசி குளிர் எலும்ப ஊடுருவும், ஒரு சால்வை, காலுறை, காதுக்குத் துணி, இதெல்லாம் கைப்பையில இருக்கணும், செக்இன் பெட்டியில போட்டுட்டா கிடைக்காது. மாத்திரையும் அப்படித்தான், டாக்டர் சீட்டோட கைப்பையில. சுகர் இருந்தா நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ சாப்பிட இட்லிப்பொடி தடவின சப்பாத்தி, முறுக்கு ஏதாவது குடுத்து அனுப்பச் சொல்லுங்க, மிச்சத்த ஆக்லாந்துல இறங்குறதுக்கு முன்னாடி தூக்கிப் போட்டுடணும், அங்க சாப்பாட்டுச் சாமான ஃபாரத்துல சொல்லாம கொண்டு போனா அபராதம் போட்டுடுவாங்க.

ஒரு வெள்ளைத்தாள்ல உங்க போன் நம்பர், ஃபிளைட் நம்பர், கெளம்புற நேரம் சிங்கப்பூர் டைம்ல, இதெல்லாம் பெரிய எழுத்துல தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதி பாஸ்போர்ட்டுக்குள்ள வையுங்க. வைஃபை இலவசம், வாட்ஸப் கால் போகும், இங்க இருந்து கெளம்புறதுக்கு முன்னாடியே வைஃபை போடுறது எப்படின்னு வீட்ல ரெண்டு தடவ பழக்கிடுங்க. அப்புறம் அம்மாகிட்ட சொல்லுங்க, எதாவது தெரியலன்னா சுத்தித் துடைக்கிறவங்க, கடையில நிக்கிறவங்க, யாருகிட்ட வேணும்னாலும் தமிழ்லயே கேக்கலாம்னு. பத்து பேர்ல ஒருத்தராவது "எந்த ஊரும்மா?"ன்னு திரும்பிக் கேப்பாங்க, எனக்கு ஒவ்வொரு தடவயும் அப்படி ஒருத்தர் கிடைச்சிருக்காங்க.

கேள்வி: ரெண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தா விலை ரொம்பக் குறையுது. எடுக்கலாமா?
வாசகர், சேலம்

பதில்: சிங்கப்பூருக்குள்ள நுழைய உங்களுக்கு அனுமதி இல்லன்னா எடுக்காதீங்க. ஒரே டிக்கெட்னா பெட்டி பொதுவா கடைசி ஊர் வரைக்கும் தானா போயிடும், தனித்தனின்னா பல சமயம் நீங்களே வெளிய வந்து பெட்டிய எடுத்து மறுபடி செக்இன் போடணும், வெளிய வரவே முடியாதவங்க என்ன பண்ணுவீங்க? முதல் ஃபிளைட் லேட்டானா ரெண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேத்துக்க மாட்டாங்க, மிச்சம் பிடிச்சதுக்கு மேல ரெண்டு மடங்கு போயிடும். அனுமதி இருக்கிறவங்க, நடுவுல ஒரு ராத்திரி தங்குற மாதிரி எடுக்கிறவங்க, அவங்களுக்கு சரி.

கேள்வி: சாயங்காலம் 5 மணிக்கு இறங்கி ராத்திரி 1 மணிக்கு ஃபிளைட். பத்து வயசுப் பையன் கூட வர்றான். விசா இருக்கு. லிட்டில் இந்தியா அவனுக்கு போர் அடிக்கும்னு நெனைக்கிறேன்.
வாசகி, நாகர்கோவில்

பதில்: பையனுக்கு கார்டன்ஸ் பை தி பேங்கிற பெரிய தோட்டம். ஏர்போர்ட்டுக்கு அடுத்த ஸ்டேஷன் எக்ஸ்போ, அங்க நீல லைன் மாறினா நேரா தோட்டத்துப் பக்கத்து ஸ்டேஷன் பேஃபிரண்ட், ஒரே ஒரு மாற்றம்தான். கட்டடம் உயரத்துக்கு இரும்புல செஞ்ச மரங்க நிக்கும், ராத்திரி 7.45க்கும் 8.45க்கும் அதுல பாட்டோட விளக்கு ஓடும், காசு கிடையாது, தரையில மல்லாக்கப் படுத்துப் பார்க்கணும், அப்பத்தான் அழகு. 7.45 காட்சியையே பிடிச்சுட்டா முடிச்சுட்டு அதே லைன்ல சைனாடவுன் போய் மாரியம்மன் கோயில் கோபுரத்தப் பார்க்கலாம், உள்ள போக முடியாட்டாலும் வெளியருந்தே பார்க்கலாம். 1827ல ஆரம்பிச்ச கோயில், சிங்கப்பூர்லயே பழைய இந்துக் கோயில், கட்ட முன்னால நின்னவர் நாராயண பிள்ளை, 1819ல, சிங்கப்பூர்ல பிரிட்டிஷ்காரங்க ஊர ஆரம்பிச்ச ராஃபிள்ஸ் கூட பினாங்குலருந்து கப்பல்ல வந்தவர், அந்த ஊர்ல மொத செங்கல் சூளை போட்டவரும் அவர்தான். கோயில் பக்கத்துத் தெருவுக்கு பகோடா ஸ்ட்ரீட்னு பேர் வந்ததே நம்ம கோபுரத்தப் பார்த்துத்தான். சீனர் கடைவீதி நடுவுல தமிழ்க்காரர் கோபுரம் எப்படி வந்துச்சுன்னு பையன் கேப்பான், கேக்கட்டும், சொல்லுங்க. பத்தரைக்குள்ள ஏர்போர்ட் வந்துடுங்க, ரொம்ப நேரமாச்சுன்னா ரயிலும் நின்னுடும்.

நீங்களே சுத்தத் தயக்கமா இருந்தா சாங்கியே இலவசமா பஸ்ல ஊர் சுத்திக் காட்டுது, ரெண்டரை மணி நேரம், அஞ்சரை மணி நேரத்துக்கு மேல காத்திருக்கிறவங்களுக்கு மட்டும், ஊருக்குள்ள நுழையற தகுதி அதுக்கும் வேணும். எடம் சீக்கிரம் தீரும், ஆன்லைன்ல முன்னாடியே போட்டு வையுங்க.

கேள்வி: முஸ்தபால என்ன வாங்கலாம், இங்கருந்து என்ன கொண்டு போகக் கூடாது?
வாசகி, புதுக்கோட்டை

பதில்: முஸ்தபா லிட்டில் இந்தியாவுல இருக்கிற பெரிய கடை, அங்க கோடாலி தைலம் வாங்காம வர்ற தமிழங்க உண்டா! ஆனா பெட்டி நேரா போயிடும், நீங்க வாங்குறது எல்லாம் கைப்பையிலதான் வரணும்னு ஞாபகம் வையுங்க, 100 மில்லிக்கு மேல இருக்கிற பாட்டில கேட்ல பிடுங்கிடுவாங்க, அதனால 56 மில்லி பாட்டிலா பார்த்து வாங்குங்க. முஸ்தபா காலை ஒன்பதரைக்கு மேலதான் தொறக்கும்.

கொண்டு போகக் கூடாததுன்னா முதல்ல கசகசா. மருமக குருமாவுக்குன்னு கட்டிக் குடுப்பாங்க, அங்க போதைத் தடுப்புத் துறை கண்ணுல அது மளிகைச் சாமான் இல்ல, கைப்பையிலருந்து எடுத்துடுங்க. சூயிங்கம், மெல்லுற புகையிலை, ஈசிகரெட் மூணும் கூடாது. வீட்டுக்காரர் சிகரெட் பிடிக்கிறவர்னா ஒரு பாக்கெட்டா இருந்தாலும் வெளிய வரும்போது கஸ்டம்ஸ்ல சிவப்பு வழியில போய்ச் சொல்லி வரி கட்டணும், சட்டைப்பையில இருந்ததுன்னு சொன்னா கேக்க மாட்டாங்க.